பழைய டிரெய்லரின் கூரை ஏசியை மாற்றுதல்: குமரிக் கடற்காற்றுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

ஒரு காலத்தில் காருக்குப் பின்னால் ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, இப்போது ஏதோ ஒரு தென்னந்தோப்பிலோ கடற்கரை விடுதியின் முற்றத்திலோ விருந்தினர் அறையாக நிற்கும் பழைய டிரெய்லர் உங்களிடம் இருந்தால், அதன் கூரைமேல் உள்ள ஏசியை என்றாவது மாற்றித்தான் ஆக வேண்டும். இதை ஏசி மெக்கானிக்கின் வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் புதிய ஏசியை வண்டியோடு இணைப்பவை நான்கு போல்ட்டுகளும் மூன்று மின்கம்பிகளும்தான். அந்தப் பகுதி அரை நாளில் முடிந்துவிடும். மீதி உழைப்பு முழுவதும் ஏசி உட்காரும் துளைக்கும், துளையைச் சுற்றியுள்ள மரச்சட்டத்துக்கும், மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் அடைப்புக்கும் உரியது. ஆகவே இவ்வேலைக்கு முதலில் தேடவேண்டிய ஆள் நல்ல ஆசாரிதான். மெக்கானிக் பிறகு வரலாம்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் குமரி மாவட்டத்துக்கு உண்டு என்பதால், கூரையைத் திறந்து போடுவதற்குரிய காலம் குறுகியது. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை செய்வது நல்லது. ஏப்ரலில் கோடைமழை எந்த மாலையிலும் வந்து நிற்கும். ஆனி, ஆடிக் காற்றில் கூரைமேல் நாற்பது கிலோ எடையைத் தூக்குவது ஆபத்து.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

ஏசி ஓடவில்லை என்றவுடன் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கம்ப்ரசர் ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிடுகிறது, விசிறி மட்டும் சுற்றுகிறது என்றால், பெரும்பாலும் கம்ப்ரசரைத் தொடக்கிவிடும் கப்பாசிட்டர்தான் போயிருக்கும். அதைச் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். மேல்மூடியைக் கழற்றி, பின்பக்கம் வெப்பத்தை வெளியே விடும் சுருளான கண்டன்சரின் அலுமினியத் தகடுகளை நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அவை வளைந்தால் பிழைக்கும். அப்பளம் போல நொறுங்கி வெள்ளைப் பொடியாக விரலில் ஒட்டினால், உப்புக்காற்று தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். கம்ப்ரசர் சுருள் எரிந்திருந்தாலும், கேஸ் கசிந்திருந்தாலும் மாற்றுவதே மேல். பழைய கூரை ஏசிகள் பெரும்பாலும் கேஸ் நிரப்பும் வாய் இல்லாமல் தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டவை. அவற்றைத் திறந்து பற்றவைத்து மீண்டும் கேஸ் அடைப்பது, உப்பில் அரித்துப்போன குழாயோடு மல்லுக்கட்டும் வேலையாகவே முடியும்.

எந்த ஏசி வாங்குவது

முதலில் உள்ளேயிருந்து மூடியைக் கழற்றித் துளையை அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க டிரெய்லர்களில் இத்துளை ஏறத்தாழ 14 அங்குலச் சதுரம். துல்லியமாகச் சொன்னால் வழக்கமாக 14¼ அங்குலம், அதாவது 362 மி.மீ. ஐரோப்பிய ஏசிகளில் பல 400 மி.மீ. சதுரத் துளையை எதிர்பார்ப்பவை. இதனுடன் கூரையின் மொத்தத் தடிமனையும், துளைக்கு முன்னும் பின்னும் கூரைமேல் எவ்வளவு தூரம் தடையின்றி இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏசியின் நீளம் துளையை நடுவில் வைத்துச் சமமாக விரிவதில்லை. பின்பக்கம்தான் அதிகம் நீளும். அங்கே காற்றுப்போக்கி ஒன்று நின்றால், வாங்கிய ஏசி உட்காராது. உட்பகுதிப் பெட்டி எந்தத் தடிமனிலிருந்து எந்தத் தடிமன்வரை உள்ள கூரைக்குப் பொருந்தும் என்பது ஒவ்வொரு ஏசியின் கையேட்டிலும் இருக்கும்; பழைய டிரெய்லர்களின் கூரை மெல்லியதாக இருப்பதால், குறைந்தபட்ச அளவைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். இதில் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்கச் சந்தைக்கான கூரை ஏசிகள் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 அலைகள்) மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டவை. நம் மின்வாரியம் தருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டேஜைப் பாதியாக்கிவிட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றப்பட்ட மோட்டாரில் அதே 115 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால், அதன் இரும்புப் பட்டையில் காந்தப்புலம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடி, மோட்டார் சூடேறும். வேகமும் குறைவதால் குளிர்ச்சியும் குறையும். சித்திரை வெயிலில் நாள் முழுவதும் ஓடும் கம்ப்ரசர் அந்தச் சூட்டை நெடுநாள் தாங்காது. ஆகவே பெயர்ப்பலகையில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும் ஏசியை மட்டுமே வாங்குங்கள். துளை 14 அங்குலமாக இருந்து, கிடைக்கும் ஏசி 400 மி.மீ. கேட்டால், துளையைச் சற்று அகலப்படுத்துவது ஆசாரிக்குச் சிறிய வேலை. தவறான மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கு மருந்து இல்லை.

கொள்ளளவைப் பொறுத்தவரை, பெரியதே நல்லது என்ற எண்ணம் கடற்கரையில் எடுபடாது. ஏசியின் குளிரூட்டும் திறனை அளக்கும் பிடியு கணக்கில், மணிக்கு 12,000 பிடியு என்பது ஒரு டன். பதினாறு, பதினெட்டு அடி நீள டிரெய்லருக்கு ஒரு டன்னை ஒட்டிய ஏசி போதும். அதைவிடப் பெரியதை வைத்தால், சில நிமிடங்களில் அறை குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்க அதற்கு நேரமே கிடைக்காது. முட்டம், குளச்சல் போன்ற இடங்களில் உள்ளே குளிர்ந்தும் படுக்கை பிசுபிசுவென்று ஈரமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வண்டி இனி நகரப்போவதே இல்லை என்றால், கூரைத் துளையை நிரந்தரமாக மூடிவிட்டு, ஒரு டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசியின் வெளிப்பெட்டியை முன்பக்க இழுவைச் சட்டத்தின்மேல் பொருத்துவது செலவிலும் மின்கட்டணத்திலும் இலாபம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய டிரெய்லரின் வளைந்த உட்சுவரில் ஸ்பிளிட்டின் உட்பெட்டி எளிதில் ஒட்டாது, வண்டியின் அழகும் கெடும். உருட்டிக்கொண்டு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் கூரை ஏசியே சரி. கீழே சொல்வது அதற்கே.

பழையதை இறக்குதல்

வெளி மின்இணைப்பைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கி, கண்ணில் படும்படி வையுங்கள். ஏசியின் மின்பெட்டியைத் திறந்து, கப்பாசிட்டரின் இரு முனைகளையும் காப்பிட்ட கைப்பிடியுள்ள மின்தடைக் கருவியால் (ரெசிஸ்டர்) இணைத்து மின்னேற்றத்தை வெளியேற்றிவிட்டு, மீட்டர் வைத்து உறுதி செய்த பிறகே எதையும் தொட வேண்டும்.

இனி மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம். அமெரிக்க வண்டிகளின் உள்வயரிங்கில் கறுப்புக் கம்பிதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சையோ வெற்றுச் செம்புக் கம்பியோ எர்த். நம்மூர் வீடுகளில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். வீட்டு வயரிங்கில் கைதேர்ந்த எலக்ட்ரீசியன் பழக்கதோஷத்தில் கறுப்பை நியூட்ரல் என்று பிடித்தால் உயிருக்கே ஆபத்து. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கம்பியிலும் வண்ண டேப் சுற்றி அடையாளமிட்டு, அவரிடம் வாய்விட்டும் சொல்லிவிடுங்கள்.

கம்பிகளை விடுவித்தபின் உள்ளே இருக்கும் நான்கு நீண்ட போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். பல ஆண்டு உப்பு ஏறிய போல்ட் ஒடியத் தயாராக இருக்கும். முந்தின நாளே துருநீக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் பாதி வேலை குறையும். ஏசிக்கும் கூரைக்கும் நடுவே நீரை அடைக்கும் பழைய கேஸ்கெட், கூரையோடு உறைந்து ஒட்டியிருக்கும். கடப்பாரையோ பெரிய திருப்புளியோ விட்டு நெம்பினால் கூரைத் தகடு கிழியும். அதற்குப் பதிலாக, கடற்கரைக் கடைகளில் கிடைக்கும் தடித்த தங்கூசியை (நைலான் தூண்டில் நரம்பு) இருவர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, ரம்பம் இழுப்பதுபோல ஏசிக்கும் கூரைக்கும் நடுவே முன்னும் பின்னும் இழுத்தால், கேஸ்கெட் சுத்தமாக அறுந்துவிடும்.

பழைய ஏசிகள் 45 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. கூரைமேல் யாரும் நேரடியாகக் காலூன்றக் கூடாது. குறுக்குச் சட்டங்களின் மேல் விழும்படி 12 மி.மீ. பிளைவுட் பலகைகளைப் பரப்பி, அவற்றின்மேல்தான் முழங்காலிட வேண்டும். வண்டியின் ஒரு பக்கத்தில் கொத்தனார்கள் கட்டும் சாரம் போல உறுதியான மேடை கட்டி, ஏசியை அதன்மேல் நகர்த்தி, பிறகு நால்வர் சேர்ந்து இறக்குவதே பாதுகாப்பு. தோப்பில் நிற்கும் வண்டி என்பதற்காக மாமரக் கிளையில் சங்கிலி பிளாக் மாட்டும் யோசனை வரும். வேண்டாம்.

துளையும் சட்டமும்

ஏசியை எடுத்தவுடன் துளை சதுரமாகத் தெரியும்; அதன் ஓரங்களில் கூரைத் தகட்டுக்கும் உட்கூரைக்கும் இடையே, பக்கத்துக்கு ஒன்றாக நான்கு மரச்சட்டங்கள் இருக்க வேண்டும். ஏசியின் பாரத்தையும் போல்ட்டின் இறுக்கத்தையும் தாங்குபவை இவைதாம். கூரான திருப்புளி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சட்டத்திலும் அரை அடிக்கு ஓரிடமாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் திருப்பி அனுப்பும். உளுத்த மரத்தில் திருப்புளி ஓசையே இல்லாமல் அரை அங்குலம் இறங்கி, வெளியே இழுக்கும்போது காப்பித்தூள் நிறத்தில் ஈரமான நார் ஒட்டிக்கொண்டு வரும். மழைநீர் வடியும் பக்கம் எது என்பது அதிலேயே தெரிந்துவிடும். கறையான் பாதையோ எறும்பின் மண்ணோ தென்பட்டால், உட்கூரைப் பலகையை இன்னும் கொஞ்சம் அகற்றிப் பார்க்காமல் மூடக்கூடாது.

உளுத்த சட்டத்தை மேலே பசை பூசி ஒப்பேற்றுவது வீண். நல்ல மரம் தொடங்கும் இடம் வரை வெட்டியெடுத்து, புதிய சட்டத்தை இரு முனைகளிலும் வண்டியின் குறுக்கு விலாச்சட்டங்களோடு இணைக்க வேண்டும். அயனி மரம் நம் மாவட்டத்தில் எளிதில் கிடைப்பது, ஈரத்துக்கு அஞ்சாதது. தேக்கும் ஆகும். குலசேகரம், திருப்பரப்பு பக்கம் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். மருந்தேற்றாத ரப்பர் மரத்தில் பூஞ்சையும் வண்டும் மிக விரைவில் ஏறும். எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்ததாக இருக்க வேண்டும். வெட்டிய முனைகளுக்கு எபாக்சி பூசிய பிறகே உள்ளே செலுத்த வேண்டும். துளையின் நான்கு ஓரங்களும் முழுவதும் மரத்தால் மூடப்பட்டிருக்க வேண்டும். எங்காவது இடைவெளி இருந்தால், ஏசி இழுக்கும் காற்று அதன் வழியே கூரையின் உட்பொந்துக்குள் போய், ஈரத்தையும் கூடவே கொண்டு சேர்க்கும்.

சட்டம் புதுப்பித்த பின்னும் நடுக்கூரை தாழ்ந்து பள்ளமாக இருந்தால், ஏசிக்கடியில் மழைநீர் குளம் கட்டும். நீண்ட மட்டப்பலகையைத் துளைக்குக் குறுக்கே வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கத்தின் உட்சட்டத்தை உயர்த்துங்கள். கேஸ்கெட்டை இரண்டாக அடுக்கி ஈடுசெய்ய வேண்டாம்.

கூரைத் தகட்டைப் பழுதுபார்ப்பது, அது எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. பைபர் கூரையாக இருந்தால் நமக்குக் கவலையே இல்லை. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் பைபர் வள்ளங்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கு ரெசினும் ‘மேட்’ என்ற கண்ணாடியிழை விரிப்பும் கைப்பழக்கம். வெடித்த இடத்தைத் தேய்த்து, மேட்டை அடுக்கி, மேலே ஜெல்கோட் பூசி ஒரு நாளில் முடித்துத் தருவார்கள். மரம் ஈரமாக இருக்கும்போது ரெசின் ஒட்டாது என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். அலுமினியக் கூரைக்கு அந்த முறை உதவாது. பாலியெஸ்டர் ரெசின் அலுமினியத்தில் நிலைத்து ஒட்டுவதில்லை, வெயிலில் தகடு விரியும்போது உரிந்துவிடும். அங்கே அலுமினியத் தகட்டையே வெட்டி, பாலியூரித்தேன் சீலண்ட் தடவி, அலுமினிய ரிவெட்டால் அடிக்க வேண்டும். ஸ்டீல் ஆணியோ ஜிங்க் திருகோ அடித்தால், உப்பு ஈரத்தில் இரு உலோகங்களும் மின்கலம் போல இயங்கி அலுமினியத்தை அரித்துவிடும். தவிர்க்க முடியாத இடங்களில் 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகை, முழுவதும் சீலண்ட்டில் தோய்த்து முறுக்குங்கள்.

குளியலறைக்கு விற்கும் சாதாரண சிலிக்கானைக் கூரையில் எங்கும் பயன்படுத்தாதீர்கள். புளித்த காடி வாசனை வரும் வகை, உலரும்போது அமிலத்தை வெளியிட்டு அலுமினியத்தைத் தின்னும். அதைவிடப் பெரிய தொல்லை, சிலிக்கான் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு வேறெந்தச் சீலண்ட்டும் பிடிக்காது. முன்பு யாராவது பூசியிருந்தால், பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் சுரண்டி, கரைப்பான் தொட்ட துணியால் துடைத்து, வெறும் தகடு தெரியும் வரை விடக்கூடாது.

புதியதை ஏற்றுதல்

புதிய ஏசியைக் கடையிலிருந்து கொண்டுவரும்போதே நிமிர்ந்த நிலையில்தான் வர வேண்டும். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். நிமிர்த்தி ஓர் இரவு விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

கேஸ்கெட் பெரும்பாலும் ஏசியின் அடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். கூரைமேல் ஏற்றியபின் ஏசியை இழுத்து நகர்த்தினால் கேஸ்கெட் சுருண்டு கிழியும். துளைக்கு நேராகத் தூக்கி வைத்து, ஓரிரு அங்குலத் திருத்தத்துக்கும் மீண்டும் தூக்கித்தான் வைக்க வேண்டும். கேஸ்கெட்டுக்கு மேலோ கீழோ சீலண்ட் பூசக்கூடாது. இதைக் கேட்டால் நம் ஆட்கள் நம்பமாட்டார்கள். ஒரு டியூப் பூசினால் இன்னும் நல்லதுதானே என்பார்கள். அழுத்தத்தால் அடைக்கும்படி செய்யப்பட்ட கேஸ்கெட் அது. சீலண்ட் பட்டால் சமமாக அமுங்காது, அடுத்தமுறை கழற்றும்போது கூரையும் சேர்ந்து வரும்.

உள்ளே நான்கு போல்ட்டுகளையும் கையால் திருகியபின், எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். கேஸ்கெட் ஏறத்தாழ அரை அங்குலத் தடிமனுக்கு அமுங்கியதும் நிறுத்த வேண்டும். பல அமெரிக்க ஏசிகளின் கையேடுகள் சொல்லும் முறுக்கு ஏறத்தாழ 5 நியூட்டன் மீட்டர்தான். சாதாரண ஸ்பேனரைத் தோள்பலத்தோடு இழுத்தால் அதைப்போல் பலமடங்கு போய்விடும். அதிகம் இறுக்கினால் கேஸ்கெட் சப்பி, கூரையும் வளைந்து, ஏசியின் சொந்த நீரே உள்ளே சொட்டும்.

இந்நிலையில் உள்மூடியைப் போடாமல், ஒருவர் மேலே ஓஸ் குழாயால் அரைமணி நேரம் நீர் விட, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு துளையின் நான்கு ஓரங்களையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை இங்கே வழக்கம் என்பதால், நீரை மேலிருந்து மட்டுமின்றிப் பக்கவாட்டிலிருந்தும் அடியுங்கள்.

காற்றுப்பாதையும் மின்இணைப்பும்

குளிர்காற்று வெளிவரும் பாதையும் அறைக்காற்று மேலே போகும் பாதையும் ஒரே சதுரத் துளைக்குள் அருகருகே இருப்பவை. இரண்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டின் ஓரங்களை அலுமினிய டேப்பால் முழுவதும் ஒட்டுங்கள். விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் குளிர்காற்று அறைக்கு வராமல் நேரே திரும்ப ஏசிக்குள் போகும். சுருளில் பனி உறைந்து காற்றே வராமல் போவது, அறை குளிர்வதற்குள் கம்ப்ரசர் நின்றுவிடுவது, புதிய ஏசி சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை வருவது எல்லாவற்றுக்கும் மூலம் பல நேரங்களில் இந்த இடைவெளிதான். துணி டேப்போ பிளாஸ்டிக் டேப்போ ஈரத்தில் ஒரு பருவம்கூட நிற்காது.

ஒரு டன் ஏசி 230 வோல்ட்டில் ஓடும்போது 5 முதல் 7 ஆம்பியர் இழுக்கும். தொடங்கும் நொடியில் அதைப்போல் பலமடங்கு. வண்டியின் பழைய 115 வோல்ட் பெட்டியிலிருந்து எதையும் எடுக்காமல், செம்பினாலான 2.5 சதுர மி.மீ. கம்பியில் தனிப்பாதை ஒன்று இழுத்து, மிகை மின்னோட்டத்தில் தானே அணையும் 16 ஆம்பியர் சி வகை எம்சிபியும், மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் வையுங்கள். வீட்டிலிருந்து வண்டி தூரத்தில் நின்றால் 4 சதுர மி.மீ. தேவைப்படும். டிரெய்லர் நிற்பது ரப்பர் டயரில். உலோக உடல் தானாக நிலத்தோடு இணையாது என்பதால், எர்த் கம்பியை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸிலும் ஏசியிலும் இணைப்பது கட்டாயம். காய்ந்த மணல்நிலத்தில் மேலோட்டமாக அடித்த எர்த் கம்பி பயன் தராது. ஈரமண் வரும் ஆழத்துக்கு இறக்கி, மீட்டரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மாலையில் வோல்ட்டேஜ் இறங்கும் ஊராக இருந்தால் ஸ்டெபிலைசரும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்த்து இருபது நிமிடம் கழித்து, உள்ளிழுக்கும் காற்றையும் வெளிவரும் காற்றையும் தெர்மாமீட்டரால் அளவிடுங்கள். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் ஏசி நலமாக இருக்கிறது. ஈரம் மிகுந்த நாளில் சற்றுக் குறையலாம்.

அதன்பின் பராமரிப்பு

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால், மெல்லிய அழுத்தத்தில், கண்டன்சரைக் கழுவுங்கள். உப்புநீர்க் கிணற்றுத் தண்ணீர் கூடாது. மழைக்காலம் தொடங்குமுன் நான்கு போல்ட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். புதிய கேஸ்கெட் முதல் ஆண்டில் இன்னும் சிறிது அமுங்கும். தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தால் இடத்தை மாற்றுங்கள். கூரை ஏசியின் பிளாஸ்டிக் மூடி ஒரு நெற்றுத் தேங்காயைத் தாங்காது.

இறக்கிய பழைய ஏசியை ஆக்கர் கடைக்காரர் (பழைய உலோகம் வாங்குபவர்) செம்புக்காக வாங்கிக்கொள்வார். தன் கடையில் குழாயைச் சுத்தியலால் உடைத்துக் கேஸை வெளியே விட்டுவிடவும் செய்வார். அதில் இருப்பது பெரும்பாலும் ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகள் 2030-க்குள் கைவிட்டுவரும் வாயு. மீட்பு எந்திரம் வைத்திருக்கும் ஏசி மெக்கானிக் ஒருவரை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ விசாரித்து, துளையிடும் வால்வு மூலம் கேஸைச் சிலிண்டருக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய ஆர்-22 ஏசிகள் இன்னும் ஓடுவதால் அந்தக் கேஸுக்கு அவரிடமும் தேவை இருக்கும். காலியான பெட்டியை அதன்பிறகு ஆக்கர் கடைக்குக் கொடுக்கலாம்.